சுவர் ஓரத்துப் புள்ளி

பொறாமைக்காரர்களுக்குக் காதில் புகை வரும் என்பார்கள். எனக்குக் காது வரைக்கும் போகவில்லை, வயிற்றிலேயே பற்றிக்கொண்டது. எதிர்க்கடைக்காரர் மேலோ, ஊரில் பெயர் வாங்கிய யாரோ ஒருத்தர் மேலோ வந்திருந்தால் நாலு பேரிடம் புலம்பி ஆற்றிக்கொள்ளலாம். கட்டின புருஷன் மேல் வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறோம். படம் எடுப்பது நான். எடுத்ததைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சுத்தம் செய்வது இவர். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. முன்னறையில் வெள்ளைத் திரை, இரண்டு விளக்கு, ஒரு ஸ்டூல், சுவரில் கண்ணாடி, அதன் கீழே சீப்பும் பவுடர் டப்பாவும். அது என் ராஜ்ஜியம். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர், பிரிண்டர், காகிதம் வெட்டும் கத்தி; அது இவருடையது. முகப்பரு, கண்ணுக்குக் கீழே கறுப்பு, பின்னால் தெரிகிற மின்கம்பி, குறுக்கே வந்த நாய், எதுவானாலும் இருந்த சுவடு தெரியாமல் அழித்துவிடுவார். அதனால் ரப்பர் என்று பெயர் வைத்தேன். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் ரப்பர் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரு வீட்டுக் குரூப் போட்டோவிலிருந்து அந்த வீட்டு மாப்பிள்ளையைச் சண்டை வந்தபோதெல்லாம் அழித்து, சமாதானம் ஆனபோதெல்லாம் திரும்ப ஒட்டிக் கொடுத்திருக்கிறார். கடைசியாக நான் பார்த்தபோது மாப்பிள்ளை படத்தில் இருந்தார்.

என் கெட்டிக்காரத்தனம் வேறு. நான் சேர்க்கிறவள். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு முழுவதையும் வாத்தியார்களோடு சேர்த்து, பெஞ்சு போட்டு நிற்கவைத்து, ஒரு கண் மூடாமல், ஒரு தலை மறையாமல் எடுக்கிற ஆள் எங்கள் பக்கத்தில் நான் ஒருத்திதான். கடைசி வரிசை ஓரத்தில் நிற்கிற பையனின் காதுகூட வெட்டுப்படாது. "ஸ்டூடியோ அக்கா எடுத்தா யாரும் விட்டுப்போக மாட்டாங்க" என்பது ஊர்ப்பேச்சு. கண் எனக்கு, கை இவருக்கு என்று கடவுளே பாகம் பிரித்துக் கொடுத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் மண்ணைப் போட்டவர் ஒரு கண் டாக்டர்.

திரையைப் பார்த்துப் பார்த்து இவருக்குக் கண் எரிச்சல் வந்தது. டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, "நடுநடுவுல எழுந்து வெளிய போங்க. தூரத்துல எதையாவது பாருங்க" என்று சொல்லி அனுப்பினார். இவர் சொன்ன பேச்சுக் கேட்கிற மனிதர். வேலைக்கு நடுவே பின்கதவைத் திறந்துகொண்டு போய் நிற்பார். சும்மா நிற்கிறவர் கையில் போன் இருந்தால் என்ன ஆகும்? படம் எடுக்க ஆரம்பித்தார். முழுக்க வானம், அடியில் ஒரு தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு. கார் நிறுத்துகிற காலி இடம், நடுவில் யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை. போனில் இடம் அடைத்துக்கொள்கிறதென்று வாரம் ஒரு தடவை எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டுப் போனைக் காலி செய்துகொள்வார். ஒன்றிரண்டை நானும் பார்த்தேன்.

"என்னங்க இது, படத்துல ஒண்ணுமே இல்ல?" என்று சிரித்தேன்.

"இல்லதான்" என்று இவரும் சிரித்தார். அதோடு மறந்துவிட்டேன்.

அடுத்த தடவை கண் காட்டப் போனபோது, தூரத்தில் பார்க்கிறீர்களா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். இவர் சாட்சிக்குப் போனை நீட்டியிருக்கிறார். டாக்டர் வெறும் டாக்டராக இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவர்தான் ஊர் போட்டோ சங்கத்துக்கும் தலைவர். "இதெல்லாம் மினிமலிஸ்ட் படம்ங்க, கொஞ்சமா வெச்சு நிறையச் சொல்றது! எங்க கத்துக்கிட்டீங்க?" என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாராம். கையுறைப் படத்தைப் பெரிதாகப் போட்டு வாங்கி, நோயாளிகள் காத்திருக்கிற அறையில் மாட்டினார். கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு காத்திருக்கிறவர்களுக்குப் பார்க்க வேறென்ன இருக்கிறது? ஊரே அந்தக் கையுறையைப் பார்த்தது.

கைக்குழந்தையோடு ஒரு தம்பதி ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். "அக்கா, டாக்டர் ரூம்ல ஒரு படம் இருக்கே, அது மாதிரி வேணும். வெறிச்சுனு. ஓரத்துல மட்டும் நாங்க" என்றாள் அந்தப் பெண். இதென்ன பெரிய வித்தை என்று மூவரையும் திரையின் ஓரத்தில் நிற்கவைத்து எடுத்தேன். பார்த்துவிட்டு அவள் உதட்டைக் கடித்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இடம் பத்தாம ஓரமா ஒதுங்கின மாதிரி இருக்கு அக்கா. சார் இல்லையா?"

என் கடையில், என் விளக்குக்குக் கீழே, என் முகத்துக்கு நேரே கேட்டாள். தடுப்புக்குப் பின்னாலிருந்து இவர் தயங்கித் தயங்கி வந்தார். ஸ்டூலை நகர்த்தினார். குழந்தையைத் தரையில் வெள்ளைத் திரையின் கீழ்க்கோடியில் உட்காரவைத்தார். அப்பாவின் ஷூ முனை மட்டும் படத்துக்குள் எட்டிப் பார்த்தது, குழந்தை அதைக் குனிந்து விசாரித்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் படம். அந்தப் பெண் கையைத் தட்டிக் குதித்தாள். நான் சீப்பையும் பவுடர் டப்பாவையும் ஒழுங்காக இருந்தும் மறுபடி ஒழுங்குபடுத்தினேன்.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற என் நாத்தனார் இருக்கிறாளே. இவருக்கு அக்கா, பக்கத்துத் தெருவில் தையல் கடை. விஷயம் கேள்விப்பட்டு ஊசியும் நூலுமாகவே கிளம்பி வந்துவிட்டாள். "என் தம்பிக்குச் சின்ன வயசுலேருந்தே கண்ணு இருக்கு. நீதான் அவனை உள்ள உக்கார வெச்சு ஊரான் மூஞ்சில பரு அழிக்கச் சொன்ன" என்றாள். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். தம்பிக்கும் செல்லும் போலிருக்கிறது.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. இந்த வீட்டில் பார்க்கத் தெரிந்தவள் நான் என்று இருந்தது, அது அப்படியே இருக்க வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் நான் யார்? விளக்குப் போடுகிறவளா?

நானும் எடுத்துப் பார்த்தேன். வெள்ளைத் துணியில் ஒரு முட்டை. மூலையில் ஒரு கோப்பை. முட்டை, கடைக்காரர் விளம்பரத்துக்குக் கொடுத்த முட்டை மாதிரி இருந்தது. கோப்பையைப் பார்த்தால் விலை கேட்கத் தோன்றியது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். ஆனால் நான்தானே இங்கே புலி? அதைத்தான் தாங்க முடியவில்லை. இவர் எட்டிப் பார்த்து, "நல்லாருக்கே" என்றார். இவருக்குப் பொய் சொல்ல வராது. அந்த இழுத்த 'கே'யிலேயே உண்மையைச் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் சங்கத்தில் கண்காட்சி வைத்தார்கள். மினிமலிஸ்ட் படங்கள் மட்டும். நான் ஒரு காலி நாற்காலியை அனுப்பினேன். இவர் என்ன அனுப்பினார் என்று கேட்கவில்லை, கேட்டால் குறைந்துபோய்விடுவேன். இவருடையதை எடுத்துக்கொண்டார்கள். என்னுடையதை நன்றி சொல்லித் திருப்பிவிட்டார்கள்.

தலைவலி என்று பொய் சொல்லிக்கொண்டு கண் டாக்டரிடம் போய் உட்கார்ந்தேன். அவர் விளக்கை என் கண்ணில் அடிக்குமுன்பே கேட்டுவிட்டேன். "டாக்டர், என் படத்துல என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்லம்மா. நிறைய இருக்கறதுதான் சிக்கல்."

"ஒரே ஒரு நாற்காலிதானே இருக்கு!"

"நாற்காலி இருக்கு. பக்கத்துலயே, 'பாத்தியா, எவ்வளவு சிம்பிளா எடுத்திருக்கேன்'னு நீங்களும் நிக்கறீங்க. நீங்க கொஞ்சம் நகர்ந்துக்கிட்டா நல்ல நாற்காலிதான்."

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "அப்ப எதுதான் மினிமலிஸ்ட் படம்? காலியா விட்டா போதுமா?" என்றேன்.

"காலி இடத்தை யாரு வேணா விடலாம்மா. விட்ட இடம் முழுக்க அந்த ஒண்ணுக்காக இருக்கணும். ஒரு சோதனை சொல்றேன். படத்துல இருக்கறத ஒவ்வொண்ணா விரலால மறைச்சுப் பாருங்க. மறைச்ச பிறகும் படம் நிக்குதுன்னா அது வேண்டாத சாமான். எதை மறைச்சா படம் செத்துப்போகுதோ, அதுதான் படம்."

சொல்லிவிட்டுத் தன் போனை எடுத்து, இவர் அனுப்பியிருந்த படத்தைக் காட்டினார். பெரிய வெள்ளைச் சுவர். வலது பக்கம், கீழ் மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி. டாக்டர் சுண்டுவிரலால் அந்தப் புள்ளியை மூடினார். "இப்ப பாருங்க, சுண்ணாம்பு அடிச்ச சுவரு." விரலை எடுத்தார். "இப்ப?"

பொய் சொல்வானேன், படம் உயிரோடு எழுந்து உட்கார்ந்தது. என் வயிற்றில் யாரோ ஊதி விட்டார்கள். "அது என்ன புள்ளி?" என்று கேட்டேன்.

"யாரோ ஒரு ஆளு. தூரத்துல நிக்கறாங்க. யாருன்னு அவர் சொல்லல. படத்துக்குப் பேரு மட்டும் அப்புறம் சொல்றேன்னிருக்கார்."

கண்காட்சிக்குப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் மாட்டிக் கொடுக்க வேண்டும். அன்று இவர் அக்கா கடையில் ஒழுகுகிற குழாயைச் சரிசெய்யக் கிளம்பிக்கொண்டிருந்தார். "நீயே பிரிண்ட் போட்டுடேன். வெள்ளைக்குள்ள வெள்ளை பிரிஞ்சு தெரியணும். எனக்கு அது வராது, உன் கண்ணுக்குத்தான் வரும்" என்றார்.

இத்தனை நாளாக எதைக் கேட்கக் காத்திருந்தேனோ அதையேதான் சொன்னார். எரிகிற வயிற்றுக்கு அது காதில் விழுமா? எனக்கு வேலை ஏவுகிறார் என்று மட்டும் விழுந்தது.

இவர் போனதும் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தேன். புள்ளியைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். ஒரு பெண்பிள்ளை. ஒரு கை சுவரில் ஊன்றியிருக்கிறது. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றி உதறுகிறாள். தோளில் கேமரா பை. அந்தப் பை என்னுடையது.

நாள் நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ. பஸ் டிப்போவின் நீளச் சுவரை ஒட்டி நடந்துகொண்டிருந்தோம். நேரமாகிவிட்டது. செருப்பில் கல் மாட்டிக்கொண்டது. கல்லை உதறிக்கொண்டே, "ஆமை மாதிரி ஊர்ந்து வராதீங்க, பிள்ளைங்க எல்லாம் வெயில்ல நிப்பாங்க" என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் கத்தினேன். இவர் விளக்குக் கம்பிகளைத் தோளில் சுமந்துகொண்டு பின்னால் வந்துகொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. சாலையின் அந்தப் பக்கம் நின்று படம் எடுத்திருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? ஊரான் பிள்ளையின் காது வெட்டுப்படக் கூடாதென்று உயிரை விடுகிறவள் நான். எவளோ எவனோ எல்லோரையும் நடுவில் நிறுத்தி விளக்குப் போட்டவள். என்னை இந்த மனிதர் ஒரு மூலையில் ஈ மாதிரி ஒட்டவைத்துவிட்டு, அதற்குப் பாராட்டும் வாங்கப் போகிறார்! இவர் கலைஞர், நான் புள்ளி. எதை எடுத்தால் படம் செத்துப்போகும் என்றுதான் டாக்டர் விரலால் காட்டிக் கொடுத்திருக்கிறாரே.

இவர் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து கம்ப்யூட்டரில் அழிக்கிற அந்தக் கருவி எனக்கும் தெரியும். வட்டத்தைப் புள்ளிமேல் வைத்தேன். ஒரு தட்டு. நான் இல்லை. சுவர் மட்டும் இருந்தது. என்னை அழிப்பது இவ்வளவு சுலபமா என்று ஒரு நிமிடம் கை நின்றது. அப்புறம் சேமித்தேன். பிரிண்ட் போட்டேன், சட்டத்தில் மாட்டினேன், பழுப்புத் தாளில் சுற்றி நூலால் கட்டினேன். வந்ததும் இவர் பிரிக்காமலே, "நீ போட்டா சரியாத்தான் இருக்கும்" என்று தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

கண்காட்சி நூலகத்து மாடியில். நாத்தனார் தானே தைத்த புதுச் சட்டையை இவருக்குப் போட்டுவிட்டுக் கூடவே வந்தாள். இவர் படத்தின் முன்னால் மட்டும் கூட்டம். பேச்சே இல்லை. ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். என்ன இது, செத்த படத்தைப் பார்க்கவா இவ்வளவு பேர் என்று நான் கழுத்தை நீட்டிப் பார்ப்பதற்குள் ஒரு பெரியவர் வந்து இவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மனசைத் தேத்திக்குங்க தம்பி. எப்ப தவறிட்டாங்க?"

"யாரு?" என்றார் இவர்.

பெரியவர் படத்தின் கீழே இருந்த அட்டையைக் காட்டினார். இவர் கொடுத்திருந்த பெயரை அழகான எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள்: 'என் மனைவி'. மேலே வெறும் வெள்ளைச் சுவர். பக்கத்தில் நான் கைப்பையும் கையுமாகக் குத்துக்கல்லாட்டம் நிற்கிறேன்.

இவர் படத்தின் அருகில் போனார். வலது பக்கம், கீழ் மூலைக்குக் குனிந்தார். தொழிலே அழிப்பது, அழித்த இடம் தெரியாதா? நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டுகிற பார்வையாக இருந்திருந்தால் நானும் பதிலுக்கு முறைத்திருப்பேன். வீட்டுக்கு வந்து, வைத்த இடத்தில் பொருளைக் காணாதவர் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

அதற்குள் நாத்தனார் அட்டையைப் படித்துவிட்டாள். "டேய், உனக்கு அறிவிருக்கா? இவ என்ன செத்தா போயிட்டா? உயிரோட இருக்கற பொண்டாட்டியை விட்டுட்டு வெறும் சுவத்துக்கு அவ பேரை வெப்பியா? இத்தனை வருஷமா உனக்கு உழைச்சுக் கொட்டறாளே, ஓரமா ஒரு துளி இடம் குடுக்க உனக்கு மனசு வரலையா?" என்று சபை என்றும் பார்க்காமல் இவரைப் பிடித்து உலுக்கினாள். வாழ்நாளில் முதல் தடவையாக எனக்காகப் பேசினாள். எனக்குப் பூமி பிளக்காதா என்றிருந்தது. இவர் கசங்கிய சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

டாக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இனி உண்மை உடைந்துவிடும் என்று நான் கைப்பையை இறுக்கிப் பிடித்தேன். "என்ன துணிச்சல்ங்க உங்களுக்கு!" என்றார் அவர். "நீங்க அனுப்பினப்ப ஓரத்துல ஒரு ஆள் இருந்தாங்க. நல்ல படம்னு நெனச்சேன். அந்த ஒண்ணையும் எடுத்துட்டு, இப்படி ஒரு பேரையும் வெச்சீங்க பாருங்க! எல்லாரும் அவங்களைத் தேடறாங்க. இதுக்கு மேல குறைக்கவே முடியாது." செத்துப்போகும் என்று விரல் வைத்துச் சொன்ன அதே டாக்டர்தான். முதல் பரிசும் அதற்கே. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். இது நான் வெட்டிய கிணறு.

இவரை மேடைக்குக் கூப்பிட்டு நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். இவருக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் என்னைத் தேடினார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் தெருவில் தலைகாட்ட முடியாது.

"இந்தப் படத்தை முடிச்சது நான் இல்லைங்க, என் வீட்டுக்காரி. அவங்க நல்லாத்தான் இருக்காங்க, அதோ நிக்கறாங்க. பரிசை அவங்ககிட்டயே குடுத்துடுங்க" என்றார்.

ஒரே சிரிப்பு, கைத்தட்டல். கண்ணாடியில் செய்த பரிசை என் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். நடுவில் நிற்கவைத்து, விளக்குப் போட்டு எடுத்தார்கள். ஆசைப்பட்டது அத்தனையும் ஒரே நாளில் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு எங்கே நிற்பதென்றுதான் தெரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் ஜன்னல் ஓரம், நான் பக்கத்தில். டிக்கெட்டை விரலில் சுருட்டிக்கொண்டே கேட்டார். "தூசின்னு நெனச்சியா?"

எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற தப்பு அது. வெள்ளையில் கறுப்புப் புள்ளி இருந்தால் கை தானாகத் துடைக்கும். ஆமாம் என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட மாட்டாளா என்று இவர் குரல் ஏங்கியது எனக்குக் கேட்டது. அதனாலேயே பொய் வரவில்லை.

"இல்ல. நான்னு தெரிஞ்சுதான் எடுத்தேன்."

"எதுக்கு?"

"டாக்டர் ரூம்ல உங்க படம் மாட்டினதுலேருந்து எனக்கு வயிறு எரியுது. போதுமா? அது போதாதுன்னு என்னை ஈ மாதிரி ஒரு மூலைல ஒட்டி வெச்சிருக்கீங்க. அவ்வளவுதானா நான் உங்களுக்கு?"

இவர் நிஜமாகவே திகைத்துப்போனார். "ஈயா? அவ்வளவு பெரிய சுவரு, ரோடு, வண்டி, எல்லாம் இருந்துச்சு. என் கண்ணுல உன்னைத் தவிர எதுவுமே படல. அதான் அப்படி எடுத்தேன்" என்றார். பக்கத்து இருக்கைக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நான் பரிசை மடியில் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

இவரே, "சரி விடு. அசல் இருக்குல்ல, இன்னொண்ணு போட்டுக்கலாம்" என்றார்.

நான் பரிசின் விளிம்பை நகத்தால் சுரண்டினேன்.

"நகல்லதானே பண்ணின?"

அசலில் கை வைக்காதே, நகல் எடுத்துக்கொண்டு வேலை செய் என்பது எங்கள் கடையின் முதல் பாடம். வேலைக்கு வருகிற எவருக்கும் இவர் முதல் நாள் சொல்வது அதுதான். நான் கோபத்தில் திறந்தது அசல், அழித்தது அசல், சேமித்ததும் அதன் மேலேயேதான். இவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். இறங்கும் வரைக்கும் திருப்பவில்லை.

டாக்டர் போனில் இருந்ததை வாங்கிப் பார்த்தேன். அனுப்பும்போதே சுருங்கிப்போன சின்னப் படம். பெரிதாக்கினால் நாலைந்து சாம்பல் சதுரங்கள்தான் இருக்கின்றன. ஊன்றிய கை இல்லை, தூக்கிய கால் இல்லை, செருப்பு இல்லை. அவளை முழுசாகப் பார்த்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருத்தி அழித்தவள்.

அதன் பிறகு இவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. சாப்பிட்டார், பேசினார், பரு அழித்தார். ஆனால் பின்கதவைத் திறந்துகொண்டு போவதை நிறுத்திவிட்டார். கண் மறுபடி எரிகிறதென்று கசக்கிக்கொண்டார். "போய்த் தூரத்துல பாருங்களேன்" என்று நானே சொன்னேன். "வேலை கிடக்கு" என்றார். போன் மேஜையில் கவிழ்ந்தபடியே கிடந்தது. இந்த வீட்டில் பார்க்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று மறுபடி ஆகிவிட்டது. எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு நாள் காலையில் கடையைத் திறக்கவிடாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அதே டிப்போ, அதே சுவர், அதே பை. இவரைச் சாலையின் அந்தப் பக்கம் நிறுத்தினேன். வழியிலேயே ஒரு கல்லைப் பொறுக்கிச் செருப்புக்குள் போட்டுக்கொண்டேன். சுவரில் கையை ஊன்றினேன், காலைத் தூக்கினேன், செருப்பைக் கழற்றினேன். "எடுங்க!" என்று கத்தினேன்.

இவர் போனைத் தூக்கினார். கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்தார், பின்னால் போனார். ஒரு வண்டி போகக் காத்திருந்தார். அப்புறம் போனை இறக்கிவிட்டுச் சாலையைத் தாண்டி வந்தார்.

"என்ன ஆச்சு?"

"வரலம்மா" என்றார். சாந்தமாகத்தான் சொன்னார். "நான் பாக்கறேனான்னு நீ பாத்துக்கிட்டே இருக்க."

கல்லை உதறினேன். அன்றைக்கு இங்கே நின்றவள் ஒரு தடவை திரும்பவில்லை. புருஷனைப் பார்த்து ஆமை என்று கத்திவிட்டுத் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வருவான் என்று அவளுக்குத் தெரியும். யாரும் சொல்லத் தேவையில்லை. இவர் மேல், அந்தக் கையுறை மேல், கைதட்டிய பெண் மேல் நான் பட்ட பொறாமை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும், அவள் மேல் எனக்கு இப்போது வருகிற பொறாமை. இவர் கண்ணுக்கு அந்த நீளச் சுவரில் அவளைத் தவிர எதுவுமே தெரியவில்லை, அவளோ அதைக் கவனிக்கக்கூட இல்லை.

"நேரமாச்சு, வா" என்றார் இவர். பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். நான் முன்னால் நடந்தேன். இவர் வருகிறாரா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.